அத்தியாயம் 7: உங்கள் பெயரில் யார் கடன் வாங்குகிறார்கள்?

வீட்டுக்கடன் கேட்டுப் போகிறவர்களில் பலர் தங்கள் கடன் அறிக்கையை முதன்முதலாகப் பார்ப்பது வங்கி மேனேஜரின் அறையில்தான். அதுவும் அவர் பக்கம் திரும்பியிருக்கும் திரையில், எட்டிப் பார்த்து. "சார், 2019-ல ஒரு கார்டு வாங்கியிருக்கீங்களே, அதுல டியூ நிக்குதே" என்று அவர் சொன்ன பிறகு, எப்போதோ ஒரு ஷாப்பிங் மாலில் பயணப்பை இலவசம் என்று சொல்லித் தலையில் கட்டிய கார்டு ஞாபகத்துக்கு வரும். ஆண்டுக் கட்டணம் 500 ரூபாய், கட்டாததற்கு அபராதம், அபராதத்துக்கு வட்டி. சில சமயம் எவ்வளவு யோசித்தாலும் எதுவும் ஞாபகத்துக்கு வராது. அந்தக் கடனை வாங்கியதே வேறு ஆளாக இருக்கும்.

கடன் கொடுப்பவர் நகையையோ பத்திரத்தையோ அடமானமாக வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். ஆனால் உங்கள் பெயரை வாங்காமல் விடமாட்டார். ஒழுங்காகக் கட்டினீர்களா, தாமதித்தீர்களா என்பதெல்லாம் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டு அடுத்த வங்கிக்கும் போகிறது. திருடனுக்கு வேண்டியதும் அதே பெயர்தான். அதனால் கடனை அளவோடு வாங்குவதையும் ஆதார், பான் நகல்களைப் பத்திரமாக வைப்பதையும் இந்த அத்தியாயத்தில் ஒன்றாகவே பார்க்கிறோம்.

அறிக்கையிலிருந்து தொடங்குங்கள்

நாம் எல்லோரும் சிபில் என்றுதான் சொல்கிறோம். 2000-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் இன்றைய பெயர் டிரான்ஸ்யூனியன் சிபில். எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இதே வேலையைச் செய்யும் நிறுவனங்கள் இன்னும் மூன்று உண்டு. நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நான்கையும் ஒரே நாளில் எடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று, ஜூலையில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என்று பிரித்துக்கொண்டால் காசு செலவில்லாமல் ஆண்டு முழுக்க ஒரு கண் வைத்திருக்கலாம். அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் எடுப்பதுதான் நல்லது. 'உங்கள் ஸ்கோரை இலவசமாகப் பாருங்கள்' என்று கூப்பிடும் ஆப்களில் பல, கடன் விற்பதற்காகவே நடத்தப்படுபவை. பான் எண்ணையும் கைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டு, பிறகு மதியத் தூக்கத்தில் "பர்சனல் லோன் வேணுமா சார்" என்று எழுப்புகிறார்களே என்று நொந்துகொள்ள வேண்டியிருக்கும்.

ஸ்கோர் 300-இலிருந்து 900 வரை போகும். 750-க்கு மேல் என்றால் பொதுவாக வங்கிகள் முகம் சுளிப்பதில்லை. அந்த எண்ணைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம் என்பது என் கருத்து. 762 எப்படி 755 ஆனது என்று ஆராய்வதில் பயனில்லை. பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் பக்கங்களை.

கணக்குகளின் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத கடன் ஏதாவது இருக்கிறதா? தவணையில் வாங்கிய ஃபிரிஜ், இரண்டாயிரம் ரூபாய்க்கான 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' வசதி எல்லாம்கூட இங்கே தனித்தனிக் கடனாக நிற்கும். மைத்துனருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவும் உங்கள் அறிக்கையில் இருக்கும். அவர் மூன்று தவணை விட்டால், அடி உங்கள் பெயருக்கும் விழும். ஜாமீன் போடுவதா வேண்டாமா என்பது குடும்ப விஷயம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் போட்டுவிட்டால் அந்தக் கடனும் உங்கள் கடன்தான் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, முடிந்த கடன்களின் நிலை. 'க்ளோஸ்டு' என்று இருந்தால் நல்லது. 'செட்டில்டு' என்று இருந்தால் வங்கி பாக்கியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முடித்துக்கொண்டது என்று பொருள். வசூல் ஆள் போனில், "எழுபதாயிரம் பாக்கி இருக்கு, முப்பதாயிரம் கட்டுங்க, க்ளோஸ் பண்ணிடலாம்" என்று தேன் ஒழுகப் பேசும்போது இந்த வேறுபாட்டைச் சொல்லமாட்டார். வேறு வழியே இல்லாதவர்கள் செட்டில்மென்ட் செய்துகொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் வீட்டுக்கடன் கேட்கும் எண்ணம் இருந்தால், கொஞ்சம் கொஞ்சமாகவாவது முழுத் தொகையையும் கட்டிவிடுவதுதான் லாபம். எப்படி முடித்தாலும் 'நோ டியூ' சான்றைக் கையில் வாங்காமல் எழுந்து வராதீர்கள். வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருந்தால், கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரத்தைத் திருப்பித் தரவேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தரவேண்டும் என்று 2023 டிசம்பர் முதல் விதி இருக்கிறது. கிளையில் இருப்பவர்களுக்கும் இது தெரியும். நீங்கள் கேட்டால்தான் பேச்சு வரும்.

கடைசியாக 'என்கொயரி' பகுதி. உங்கள் அறிக்கையை எந்தெந்த நிறுவனம், எந்தத் தேதியில் எடுத்துப் பார்த்தது என்ற பட்டியல் அது. நீங்கள் வாசற்படியே மிதிக்காத ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் அங்கே இருந்தால், யாரோ உங்கள் பெயரில் விண்ணப்பித்திருக்கலாம். கடன் கைமாறும் முன்பே தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. யாராவது அறிக்கையை எடுத்தால் உங்களுக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வரவேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அது வரவேண்டுமானால் அறிக்கை தரும் நிறுவனத்திடம் இருப்பது உங்கள் இன்றைய எண்ணாக இருக்கவேண்டும், ஐந்து வருடம் முன்பு தூக்கிப்போட்ட சிம்மின் எண்ணாக இருக்கக்கூடாது.

வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது

கிரெடிட் கார்டைக் கத்தரித்துப் போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பில் தொகையை மாதாமாதம் முழுதாகக் கட்டுகிறவருக்கு அது நாற்பது, ஐம்பது நாள் வரை வட்டியில்லாத கைமாற்று. முழுதாகக் கட்டாதவருக்கோ நாட்டில் முறைப்படி கிடைக்கும் கடன்களிலேயே மிக விலை உயர்ந்தவற்றில் ஒன்று. கார்டுக்கு வட்டி மாதம் 3 முதல் 3.75 சதவீதம் வரை போகிறது, ஆண்டுக் கணக்கில் 36 முதல் 45 சதவீதம். கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்ன தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. உச்சவரம்பு வரும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

பில்லில் 'மினிமம் அமவுன்ட் டியூ' என்று ஒரு சின்னத் தொகை இருக்கும். அதைக் கட்டினால் போதும் என்று நினைக்கிறவர்களை நம்பித்தான் அந்தத் தொழிலே நடக்கிறது. 50,000 ரூபாய் பாக்கி, வட்டி மாதம் 3.5 சதவீதம், மினிமம் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கட்டுவது 2,500 ரூபாய். அதில் வட்டிக்குப் போவது 1,750, வட்டியின் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் 315. அசலில் கழிவது வெறும் 435 ரூபாய்! போதாக்குறைக்கு, பாக்கி வைத்த மாதத்திலிருந்து வட்டியில்லாக் காலமும் போய்விடும். இன்று கார்டில் வாங்கும் அரிசிக்கு இன்றிலிருந்தே வட்டி ஓடும். ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால் அதற்கு எப்போதுமே அன்றிலிருந்து வட்டி, தனிக் கட்டணமும் உண்டு.

செய்யவேண்டிய ஒரே வேலை: கார்டுக்குத் தானியங்கிப் பணப்பிடித்தம் போட்டுவையுங்கள். போடும்போது 'டோட்டல்', 'மினிமம்' என்று இரண்டு கட்டம் வரும். விற்க வந்தவர் அவசரத்தில் மினிமத்தில் டிக் அடித்துவிடுவார். ஒருமுறை வங்கியின் ஆப்பைத் திறந்து, இப்போது எதில் டிக் இருக்கிறது என்று பாருங்கள்.

வண்டி ஷோரூமில் வேறு வித்தை. "வட்டி 12 பர்சன்ட்தாண்ணா" என்பார் ஃபைனான்ஸ் பையன். அது ஃபிளாட் வட்டி. 1 லட்சம் ரூபாயை 12 மாதத்தில் கட்டினால் வட்டி 12,000, தவணை 9,333 என்று கணக்குப் போடுவார். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது. கடைசி மாதம் உங்களிடம் அவர்கள் பணம் பத்தாயிரம்கூட இருக்காது, வட்டியை மட்டும் கடைசிவரை முழு லட்சத்துக்கும் கட்டுகிறீர்கள். குறையும் அசலின் மேல் கணக்கிட்டால் இந்த 12 சதவீதம் 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. "ஃபிளாட்டா, ரெட்யூசிங்கா?" என்று கேளுங்கள். கேட்டவுடன் எதிரே இருப்பவரின் குரல் கொஞ்சம் மாறும்.

இதைவிட நல்ல கருவி ஒன்றும் இப்போது கையில் இருக்கிறது. 2024 அக்டோபர் முதல், கிரெடிட் கார்டைத் தவிர சில்லறைக் கடன் எதுவானாலும் கையெழுத்துக்கு முன் 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' என்ற தாளைத் தரவேண்டும். வட்டி, செயலாக்கக் கட்டணம், கடனோடு சேர்த்துக் கட்டும் காப்பீடு எல்லாம் கலந்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்பது அதில் ஏபிஆர் என்ற பெயரில் இருக்கும். கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் அது இருக்கவேண்டும் என்பதும் விதி. தமிழில் கேளுங்கள். இரண்டு இடத்தில் கடன் விலை கேட்டால், தவணைத் தொகையை ஒப்பிடாமல் இரண்டு ஏபிஆரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நோ காஸ்ட் இஎம்ஐ பற்றி ஒரு வரி போதும்: ரொக்கமாகக் கொடுத்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு முடிவு செய்யுங்கள், அந்தத் தள்ளுபடிதான் பெரும்பாலும் வட்டி.

அவசரச் செலவு வந்து, வீட்டில் நகையும் இருந்தால், கார்டையும் பர்சனல் லோனையும்விட வங்கி நகைக்கடன் மலிவு. நகையை அடகு வைப்பதை அவமானமாக நினைத்து 40 சதவீத வட்டி கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மீட்கும் தேதியை மட்டும் காலண்டரில் வட்டமிட்டுக்கொள்ளுங்கள், ஏலத்துக்குப் போனால் மலிவு என்ற பேச்சே இல்லை.

ஆப்பில் வரும் கடன்

ஐந்து நிமிடத்தில் கணக்கில் பணம் என்கிற கடன் ஆப்களில் முறையானவையும் உண்டு, கழுத்தை நெரிப்பவையும் உண்டு. பிரித்துப் பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும். ஆப்பை நிறுவும்போது உங்கள் தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் பார்க்க அனுமதி கேட்கிறதா? கேட்டால் உடனே நீக்கிவிடுங்கள். கைபேசியின் தொடர்புப் பட்டியல், அழைப்பு விவரம், படங்கள் எதையும் கடன் ஆப் தொடக்கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி தெளிவாகவே தடுத்திருக்கிறது. அதைக் கேட்பவர்கள் வசூலுக்காகவே கேட்கிறார்கள். ஒரு நாள் தாமதமானால் உங்கள் அத்தைக்கும் அலுவலக மேலாளருக்கும், சிதைத்து ஒட்டிய உங்கள் படம் போகும். கடன் பணம் எந்த வங்கியின் பெயரில், எந்த நிதி நிறுவனத்தின் பெயரில் வருகிறது என்று தெரியாத ஆப்பையும் தொடவேண்டாம். முறையான ஆப்களின் பட்டியலை 2025 ஜூலையிலிருந்து ரிசர்வ் வங்கியின் தளத்திலேயே பார்க்கலாம். முறையான கடனில், வாங்கிய பிறகு மனம் மாறினால் குறைந்தது ஒரு நாள் அவகாசத்துக்குள் அபராதம் இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிடும் வழியும் உண்டு.

வங்கி, நிதி நிறுவனங்களின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக்கூடாது. கந்து வட்டிக்கு எதிராக 2003-லும், கடன் வசூலில் மிரட்டலுக்கு எதிராக 2025-லும் தமிழ்நாட்டில் தனிச் சட்டங்கள் வந்திருக்கின்றன. தெருமுனையில் கொடுக்கும் மீட்டர் வட்டிக்காரரிடம் சட்டம் பேசுவது எளிதில்லை என்பது தெரிந்ததுதான். ஆனால் வீட்டு வாசலில் வந்து சத்தம் போடுகிறவர் ஒரு நிறுவனத்தின் ஆள் என்றால், அவர் பெயரையும் நேரத்தையும் எழுதிவைத்து நிறுவனத்துக்குப் புகார் அனுப்புங்கள். எழுத்தில் வரும் புகாருக்கு அவர்கள் பயப்படுகிறார்கள்.

ஜெராக்ஸ் கடையின் கம்ப்யூட்டர்

நம் ஊரில் அடையாளத் திருட்டுக்குப் பெரிய ஹேக்கர் தேவையில்லை. தாலுகா அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையை யோசித்துப் பாருங்கள். "ஆதாரை இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணிடுங்க" என்று சுவரில் எண் ஒட்டியிருக்கும். நீங்கள் அனுப்பிய ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம் மூன்றும் அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் உட்காரும். உங்களுக்கு முன்னால் வந்த எல்லாருடையதும் அங்கேதான் இருக்கிறது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். அந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்யும் பையன், நாளை அதைப் பழுது பார்க்கப்போகிறவர், பழையதாகிவிட்டது என்று விலைக்கு வாங்கப்போகிறவர் எல்லோரையும் நாம் நம்பவேண்டியிருக்கிறது.

முடிந்தால் பென் டிரைவில் கொண்டுபோய், அச்செடுத்ததும் கழற்றிக்கொண்டு வாருங்கள். அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால், அச்சு வந்ததும் "தம்பி, அந்த ஃபைலை டெலீட் பண்ணிடுப்பா" என்று சொல்லி, அவர் அழிக்கும்வரை நின்று பாருங்கள். ரீசைக்கிள் பின்னையும்தான். முதல் முறை கூச்சமாக இருக்கும், அவர்களுக்கோ இது ஒன்றும் புதிதில்லை. சரியாக வராத நகலை மடித்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பொட்டலம் மடிக்கும் காகிதமாக அது திரும்பி வரவேண்டாம்.

நகல் கொடுக்கும்போது அதன் மேலேயே, எண்ணைத் தொட்டுக்கொண்டு போகும்படி, எதற்காக, யாருக்கு, எந்தத் தேதி என்று பேனாவால் எழுதிக் கையெழுத்திடுங்கள். 'வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்' என்று குறுக்கே எழுதிய நகலை வைத்துக் கடன் விண்ணப்பம் போடுவது கஷ்டம். ஆதாரின் முழு எண் தேவைப்படாத இடங்களில், முதல் எட்டு இலக்கம் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' போதும். ஆதார் ஆணையத்தின் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். லாட்ஜ் வரவேற்பறையில் இதைக் கொடுத்தால் முணுமுணுப்பார்கள், வாங்கிக்கொள்வார்கள்.

கைரேகை வேறு கதை. ஆதார் எண்ணும் கைரேகையும் இருந்தால், ஓடிபியோ பின்னோ இல்லாமல், வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் வசதி கிராமங்களில் இருக்கிறது. நூறு நாள் வேலைச் சம்பளமும் முதியோர் உதவித்தொகையும் பலருக்கு அப்படித்தான் கைக்கு வருகின்றன. ஆவணங்களில் இருந்த கைரேகையை நகலெடுத்து இதே வழியில் பணத்தை உருவிய வழக்குகள் வேறு மாநிலங்களில் வந்திருக்கின்றன. அந்த வசதி தேவைப்படாதவர்கள் ஆதார் ஆப்பில் கைரேகையைப் பூட்டிவிடலாம், பத்திரப்பதிவு போன்ற நாட்களில் மட்டும் திறந்தால் போதும். அதை நம்பி வாழும் அம்மா, அப்பாவின் கைரேகையை மட்டும் நல்லது செய்வதாக நினைத்துப் பூட்டிவிடாதீர்கள். ஒன்றாம் தேதி வெறும் கையோடு திரும்பி வருவார்கள். அவர்களுக்கு வேறு எச்சரிக்கை: "ரேகை விழல பாட்டி, இன்னொரு தடவை வைங்க" என்று சொன்னால், முதல் தடவைக்கான ரசீதைக் கேட்ட பிறகே விரலை வைக்கவேண்டும்.

உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகாரளித்துத் துண்டிக்கலாம்.

போனில் வரும் திருட்டைப் பற்றிப் பத்திரிகைகள் தினமும் எழுதுவதால் சுருக்கமாகச் சொல்கிறேன். யுபிஐ பின் பணம் அனுப்பப் போடுவது, பணம் வாங்க யாரும் பின் போடவேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராதம், மின்கட்டணப் பாக்கி என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே (ஆப் நிறுவும்) ஃபைலைத் தொட்டால் உங்கள் குறுஞ்செய்திகள் அவர்கள் கைக்குப் போகும், ஓடிபி கேட்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இருக்காது. 'டிஜிட்டல் கைது' என்று நம் சட்டத்தில் ஒன்றும் கிடையாது. அப்புறம், கல்லூரிப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: "உன் அக்கவுன்ட்டை ஒரு மாசம் குடு, அஞ்சாயிரம் தரேன்" என்று நண்பன் கேட்டால், திருடிய பணத்தைக் கைமாற்றத்தான் கேட்கிறான். போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டில்.

பணம் போய்விட்டால்

அழுவதற்கும் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்கும் முன்னால் 1930-ஐ அழையுங்கள். சைபர் கிரைம் புகாருக்கு நாடு முழுவதற்கும் பொதுவான எண் இது. திருடிய பணம் ஒரே கணக்கில் தூங்குவதில்லை. சில நிமிடங்களில் நாலைந்து கணக்குகளுக்குப் பிரிந்து, அங்கிருந்து ஏடிஎம் வழியாகக் கரைகிறது. 1930-ல் புகார் பதிவானதும் பணம் போய்ச்சேர்ந்த வங்கிகளுக்குத் தகவல் போகும், இன்னும் எடுக்கப்படாமல் இருக்கும் தொகையை அவர்கள் நிறுத்திவைப்பார்கள். நிறுத்தப்பட்ட தொகைதான் திரும்பி வர வாய்ப்புள்ள தொகை. அழைக்கும்போது பரிமாற்ற எண், நேரம், தொகை மூன்றும் கையில் இருக்கட்டும்.

அடுத்த அழைப்பு உங்கள் வங்கிக்கு. வங்கியின் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள், போலி எண்களை அங்கே போட்டுவைத்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் எண்ணே போதும். ரிசர்வ் வங்கி 2017-ல் வகுத்த விதிப்படி, உங்கள் தவறும் இல்லாமல் வங்கியின் தவறும் இல்லாமல் நடந்த திருட்டை, வங்கியின் தகவல் உங்களுக்கு வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டமே இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் சொன்னால் ஒரு வரம்பு வரை நஷ்டம் உங்களுடையது. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் நிலைமை வேறு. புகார் சொல்லும்வரை போனது உங்கள் தலையில், சொன்ன பிறகு போவது வங்கியின் தலையில். அதனால் ஏமாந்ததில் வெட்கப்பட்டு இரவெல்லாம் யோசித்துவிட்டுக் காலையில் சொல்வது மிகச் செலவான காரியம். எந்தப் புகாருக்கும் பதிவு எண் கேட்டு வாங்கி, தேதி, நேரத்தோடு எழுதிவையுங்கள்.

நீங்கள் வாங்காத கடன் அறிக்கையில் இருந்தால் வழி கொஞ்சம் நீளம். அந்தக் கடனைக் கொடுத்த நிறுவனத்துக்கும், அறிக்கை தந்த நிறுவனத்துக்கும் இரண்டு பக்கமும் எழுத்தில் புகார் கொடுக்கவேண்டும். கூடவே சைபர் கிரைம் புகாரின் நகலையும் இணையுங்கள். கடன் எந்தக் கணக்குக்குப் போனது, விண்ணப்பத்தோடு எந்த ஆவணம் வந்தது என்று கேளுங்கள். உங்கள் பழைய ஜெராக்ஸ் ஒன்று எங்கிருந்து கிளம்பியது என்பது சில சமயம் அங்கே தெரியவரும். "ஒரு தவணை மட்டும் கட்டிடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் கட்டாதீர்கள். கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாகத் திருப்புவார்கள். புகார் கொடுத்து 30 நாளுக்குள் தீராவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தரவேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. அந்த முப்பது நாளும் வீணானால் அல்லது பதில் திருப்தியாக இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். முதலில் நிறுவனத்துக்குக் கொடுத்த புகாரின் நகலும் தேதியும் இல்லாமல் அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.